வராத தரப்பும் வழக்கில் உண்டு: தென் சீனக் கடல் தீர்ப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் சம்பள பாக்கி, வேலைநீக்கம் என்று தவிப்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், லேபர் ஆபிசுக்குத் துணையாகப் போவதும் பல வருடங்களாக என் வேலை. அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "ஐயா, முதலாளி தரப்பு வரலன்னா கேஸ் நமக்குத்தானே?"

இல்லை. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, அழைப்பு கிடைத்தும் ஒரு தரப்பு வராவிட்டால் வழக்கைத் தொடர்ந்து விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரத்தைத் தொழில் நீதிமன்றத்துக்குத் தருகிறது. வந்தவர் கேட்டதை அப்படியே தூக்கிக் கொடுக்கும் அதிகாரம் அல்ல அது. ஒருமுறை செம்பனைக் குலை வெட்டிய தொழிலாளி ஒருவருக்குக் கூலி தராத காண்ட்ராக்டர் விசாரணைக்கு வரவே இல்லை. அதிகாரி எங்கள் கணக்கை அப்படியே ஏற்கவில்லை. தொழிலாளி பள்ளி நோட்டில் தினமும் குறித்து வைத்த குலை எண்ணிக்கையை வரிவரியாகப் பார்த்தார். நோட்டில் இல்லாத நாள்களைக் கழித்தார். எனக்கு அப்போது கோபம்தான். அப்புறம் அந்தக் காண்ட்ராக்டர் குறை சொல்லிக்கொண்டு வந்தபோது, அதிகாரி எழுதி வைத்த கணக்கில் கை வைக்க இடமே இருக்கவில்லை.

நாடுகளுக்கு இடையிலான வழக்கிலும் நிலைமை இதுதான். பள்ளித் திடலில் எதிரணி வராவிட்டால் வாக்ஓவர் கிடைக்கும். நாடுகளின் வழக்குகளை விசாரிக்கும், நெதர்லாந்தின் ஹேக் நகரத்து மன்றங்களில் அது கிடையாது. இதைத் தெளிவாகக் காட்டுவது பிலிப்பைன்ஸ் சீனாமேல் தொடுத்த தென் சீனக் கடல் வழக்கு. சரவாக், சபா கரைகளுக்கு அப்பால் உள்ள நம் கடலையும் அது தொடுகிறது. அதனால் இதையே முழுமையாக எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கு வந்த விதம்

2012 ஏப்ரலில், இரு நாடுகளும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டு அருகே பிலிப்பைன்ஸ் கப்பல்களும் சீனக் கப்பல்களும் நேருக்கு நேர் நின்றன. சில மாதங்களில் திட்டு சீனாவின் பிடிக்குள் போனது. 2013 ஜனவரி 22ஆம் தேதி பிலிப்பைன்ஸ், 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின்கீழ் நடுவர் மன்ற வழக்கைத் தொடங்கியது. பிப்ரவரி 19ஆம் தேதி சீனா அந்த அறிவிப்பை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசி நாள் வரை அந்த நிலைப்பாடு மாறவில்லை.

ஒரு நாடு சம்மதிக்காமல் அதை எப்படி மன்றத்துக்கு இழுக்க முடியும் என்று கேட்கலாம். சம்மதம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. கடல் சட்ட ஒப்பந்தத்தில் சேரும் நாடு, அதில் உள்ள கட்டாயத் தகராறு தீர்வு முறையையும் சேர்த்தே ஏற்கிறது. பிலிப்பைன்ஸ் 1984லும் சீனா 1996லும் அதை உறுதிப்படுத்தின. சில வகைத் தகராறுகளை மட்டும் விலக்கிவைக்க ஒப்பந்தமே இடம் தருகிறது. சீனா 2006 ஆகஸ்டில் கடல் எல்லை வரைவு, வரலாற்று உரிமைப் பட்டம், இராணுவ நடவடிக்கை ஆகியவற்றை விலக்குவதாக அறிவித்தது.

பிலிப்பைன்ஸின் வழக்கறிஞர்கள் இந்த விலக்கைச் சுற்றித்தான் வழக்கையே கட்டினார்கள். எந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று அவர்கள் கேட்கவில்லை, எல்லைக்கோடு போடச் சொல்லவும் இல்லை. தென் சீனக் கடலின் பெரும்பகுதியை வளைத்துச் சீனா வரைந்த ஒன்பது கோட்டு வரைபடத்துக்குள் அது கோரும் உரிமைக்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டா? இந்தத் திட்டுகள் சட்டப்படி தீவா, பாறையா, அலை வற்றும்போது மட்டும் தெரியும் மேடா? சீனாவின் நடவடிக்கைகள் ஒப்பந்தத்தை மீறியவையா? இப்படி 15 கோரிக்கைகளை வைத்தார்கள். தலைமை வழக்கறிஞர் பால் ரைக்லர். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், இன்னொரு வழக்கிலும் வரும்.

நாற்காலி காலியாக இருந்ததன் முதல் விலை

ஐந்து நடுவர்கள் கொண்ட மன்றம். ஆளுக்கு ஒருவரை நியமிக்கலாம், மீதி மூவரை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு தரப்பு ஒத்துழைக்காவிட்டால் அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் தலைவர் நியமிப்பார். பிலிப்பைன்ஸ் ஜெர்மனியின் ரூடிகர் வொல்ஃப்ரமை நியமித்தது. சீனா யாரையும் நியமிக்கவில்லை. அதனால் தீர்ப்பாயத் தலைவராக இருந்த ஜப்பானியர் ஷுன்ஜி யனாய் மற்ற நால்வரையும் தேர்ந்தெடுத்தார். முதலில் தலைமைக்கு வந்தவர் இலங்கையின் கிறிஸ்டோபர் பின்டோ. அவர் விலகியபின் கானாவின் தாமஸ் மென்சா தலைமை ஏற்றார். பிரான்சின் கோ, போலந்தின் பாவ்லக், நெதர்லாந்தின் சூன்ஸ் மற்றவர்கள்.

யனாய் ஜப்பானியர் என்பதைப் பிடித்துக்கொண்டு சீனா பின்னால் பலமாகக் குறை சொன்னது. அந்தக் குறையை நான் ஏற்க மாட்டேன். தனக்கென ஒருவரை நியமிக்கும் உரிமையும், மற்ற மூவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் கலந்துகொள்ளும் உரிமையும் அதன் கையிலேயே இருந்தன. விட்டுக்கொடுத்தது சீனாதான்.

வராதவருக்காகக் கேள்வி கேட்ட மன்றம்

ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பில் 9ஆம் விதி இருக்கிறது. ஒரு தரப்பு வராதது விசாரணைக்குத் தடை ஆகாது. ஆனால் முடிவு சொல்லுமுன், தனக்கு அதிகாரம் உண்டு என்பதையும், கோரிக்கை உண்மையிலும் சட்டத்திலும் நிற்கிறது என்பதையும் மன்றமே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. ஹேக்கில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்தின் சட்டத்திலும் 53ஆம் விதி ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

சீனா மன்றத்துக்கு எதிர்வாதம் தாக்கல் செய்யவில்லை. ஆனால் 2014 டிசம்பர் 7ஆம் தேதி, எதிர்வாதத்துக்கான கெடு முடிவதற்குச் சில நாள்கள் முன்பு, ஒரு நிலைப்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. இது வழக்கில் பங்கேற்பது ஆகாது என்று அதிலேயே எழுதியிருந்தது. மன்றம் அந்த அறிக்கையை ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அதைச் சீனாவின் அதிகார வரம்பு ஆட்சேபமாகவே எடுத்துக்கொண்டு, முதலில் அதிகாரத்தைப் பற்றி மட்டும் தனி விசாரணை நடத்தியது. இன்னும் ஒரு படி மேலே போய், அறிக்கையில் இல்லாத, சீனா எழுப்பியிருக்கக்கூடிய ஆட்சேபங்களையும் தானே யோசித்து, அவற்றுக்குப் பதில் சொல்லும்படி பிலிப்பைன்ஸைக் கேட்டது. ஒவ்வொரு ஆவணமும், ஒவ்வொரு நாள் விசாரணைப் பதிவும் சீனத் தரப்புக்கு அனுப்பப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் கருத்துச் சொல்ல அழைப்பும் போனது.

2015 அக்டோபர் 29ஆம் தேதி வந்த முதல் தீர்ப்பில், 15 கோரிக்கைகளில் ஏழில் மட்டுமே தனக்கு அதிகாரம் உண்டு என்று மன்றம் உறுதியாகச் சொன்னது. ஏழின் அதிகாரக் கேள்வியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைத்தது. ஒன்றை இன்னும் தெளிவாகச் சொல்லும்படி பிலிப்பைன்ஸிடமே திருப்பிக் கொடுத்தது. எதிரில் யாருமே இல்லாத வழக்கில், வந்து நின்றவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

செலவையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நடுவர் மன்றத்தின் செலவை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சீனா தன் பங்கைக் கட்டவில்லை. அதையும் பிலிப்பைன்ஸே கட்டியது. எதிராளி வராவிட்டால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் சுமை ஒருவர் தலையில் ஏறுகிறது.

இட்டு அபா

வழக்கின் இதயம் என்று நான் நினைப்பது இந்தப் பகுதி. தென் சீனக் கடலில் உள்ள ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தின் இயற்கைத் திட்டுகளிலேயே பெரியது இட்டு அபா. நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர், அதிக அகலம் 400 மீட்டர். தைவானின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் 121ஆம் விதிப்படி, மனிதக் குடியிருப்பையோ சொந்தமான பொருளாதார வாழ்வையோ தாங்க முடியாத பாறைக்கு, மீனுக்கும் மற்ற கடல் வளங்களுக்கும் உரிமை தரும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கிடையாது. இட்டு அபாவுக்கு மண்டலம் உண்டு என்றால் அது பிலிப்பைன்ஸின் மண்டலத்தோடு மோதும், சீனா விலக்கிவைத்த எல்லை வரைவுக் கேள்வி வந்துவிடும், பிலிப்பைன்ஸின் வழக்கில் பாதி கவிழ்ந்துவிடும்.

அங்கே நல்ல குடிநீர் இல்லை, பயிர் விளையும் மண் இல்லை என்று பிலிப்பைன்ஸ் வாதிட்டது. சீனா சார்பில் மறுக்க யாரும் இல்லை. மன்றம் அதோடு விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் அது பிரிட்டிஷ் கடல் வரைபட அலுவலகத்திலும் பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களிலும் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தது. பிரான்ஸ் 1930களில் அந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடிய நாடு, அதனால் அங்கேயும் பதிவுகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மாலுமிக் குறிப்புகளில், ஹைனான் மீனவர்கள் வருடக்கணக்கில் அந்தத் திட்டுகளில் தங்கியதும், இட்டு அபாக் கிணற்றுத் தண்ணீர் மற்ற இடங்களைவிட நன்றாக இருந்ததும் பதிவாகியிருந்தன. இவை பிலிப்பைன்ஸுக்குப் பாதகமான சான்றுகள். தைவானில் உள்ள அனைத்துலகச் சட்டச் சங்கம் ஒன்று தானாக அனுப்பிய ஆவணத்தையும் மன்றம் பார்த்தது. எல்லாவற்றையும் இரு தரப்புக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டது.

தண்ணீர் விஷயத்தில் மன்றம் பிலிப்பைன்ஸின் வாதத்தை முழுதாக ஏற்கவில்லை. சிறிய அளவில் ஆள்கள் பிழைத்திருக்கத் தண்ணீரும் செடிகொடியும் அங்கே இருந்தன என்றே கண்டது. ஆனாலும் கடைசியில் இட்டு அபா உட்பட எந்த ஸ்ப்ராட்லி திட்டுக்கும் பொருளாதார மண்டலம் இல்லை என்று முடிவு செய்தது. அதற்குச் சொன்ன காரணம்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மனதில் தைக்கும். 1920, 30களில் ஜப்பானிய நிறுவனங்கள் அங்கே பறவை எச்ச உரம் வெட்டி எடுத்தன. வேலைக்குத் தைவானிலிருந்து ஆள் கொண்டுவந்தன. மன்றம் கேட்டது இதுதான்: அந்த மண்ணைத் தங்கள் வீடாகக் கொண்ட நிலையான சமூகம் அங்கே இருந்ததா? இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த ஆள்களை வைத்து, வெளியில் இருப்பவர்களின் லாபத்துக்காக மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போவது, அந்த இடத்துக்குச் சொந்தமான பொருளாதார வாழ்வு ஆகாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் லயங்கள்தான் நினைவுக்கு வந்தன. இங்கேயும் ஆள் கொண்டுவந்தார்கள், பால் வெட்ட வைத்தார்கள், லாபம் கப்பல் ஏறியது. ஆனால் நம்மவர்கள் போகவில்லை. கோவில் கட்டினார்கள், தமிழ்ப்பள்ளி நடத்தினார்கள், இந்த மண்ணிலேயே புதைந்தார்கள். கொண்டுவரப்பட்ட கூலிக்கும் குடியேறிய சமூகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் அனைத்துலக மன்றம் இவ்வளவு கவனமாகப் பிரித்துக் காட்டியது எனக்குப் பெரிய விஷயம்.

வந்தவர் தோற்ற இடங்கள்

2016 ஜூலை 12ஆம் தேதி இறுதித் தீர்ப்பு, ஐவரும் ஒருமனதாக. ஒன்பது கோட்டுக்குள் கடல் வளங்கள்மேல் சீனா கோரிய வரலாற்று உரிமைக்கு ஒப்பந்தத்தில் அடிப்படை இல்லை. மிஸ்சீஃப் திட்டு பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள் உள்ளது, அங்கே சீனா செயற்கைத் தீவு கட்டியது தவறு. பவளப்பாறைகளுக்குச் சீனா கடும் சேதம் விளைவித்தது. இந்தச் சேதம் பற்றியும் பிலிப்பைன்ஸ் கொண்டுவந்த நிபுணர்களோடு மன்றம் நிற்கவில்லை, தானே பவளப்பாறை நிபுணர் மூவரை நியமித்து அறிக்கை வாங்கியது.

செய்தித்தாள்கள் இதைப் பிலிப்பைன்ஸின் முழு வெற்றி என்று எழுதின. முழு வெற்றி அல்ல. கேவன் திட்டின் வடபகுதியும் மக்கென்னன் திட்டும் அலை ஏறினால் மூழ்கும் மேடுகள் என்று பிலிப்பைன்ஸ் சொன்னதை மன்றம் மறுத்து, அலை ஏறினாலும் அவை தலை தூக்கி நிற்கின்றன என்றது. இரண்டாம் தாமஸ் திட்டில் நடந்த கப்பல் மோதல் நிலை, சீனா 2006இல் விலக்கிய இராணுவ நடவடிக்கைக்குள் வருவதால் அதைத் தொடவே மறுத்தது. ஸ்கார்பரோவில் பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்குப் பாரம்பரிய மீன்பிடி உரிமை உண்டு என்றபோது, சீன மீனவர்களுக்கும் உண்டு என்றது. வாய் திறக்காத தரப்புக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் வேர்

இது புதிதாக வந்த தாராளம் அல்ல. 1946இல் கோர்ஃபு கால்வாயில் கண்ணிவெடி பட்டு 44 பிரிட்டிஷ் மாலுமிகள் இறந்த வழக்கில், இழப்பீட்டுக் கட்டத்தில் அல்பேனியா வரவில்லை. அனைத்துலக நீதிமன்றம் பிரிட்டன் சொன்ன தொகையை நம்பிக் கையெழுத்துப் போடாமல், டச்சுக் கடற்படை நிபுணர்களை வைத்துச் சரிபார்த்தது. மூழ்காமல் தப்பியும் பயனற்றுப்போன ஒரு கப்பலின் மதிப்பு, பிரிட்டன் கேட்டதைவிடச் சற்று அதிகம் என்றே அவர்கள் கண்டார்கள். கேட்டதற்குமேல் தர முடியாது என்று கூறி, 1949 டிசம்பர் 15ஆம் தேதி நீதிமன்றம் பிரிட்டன் கேட்ட 843,947 பவுண்டையே விதித்தது.

அடுத்தது நிகரகுவா. தன் அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்களுக்கு உதவியதாக 1984 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தில் அமெரிக்காவின்மேல் வழக்குப் போட்டது. அதிகாரக் கட்டத்தில் அமெரிக்கா வந்து வாதாடித் தோற்றது. 1985 ஜனவரியில் வெளியேறியது. நிகரகுவாவின் வழக்கறிஞர்களில் ஒருவர் இதே பால் ரைக்லர். வெளியேறிய அமெரிக்கா, பலதரப்பு ஒப்பந்தங்கள் சார்ந்த தகராறு என்றால் தீர்ப்பால் பாதிக்கப்படும் எல்லா நாடுகளும் வழக்கில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையை முன்பே போட்டு வைத்திருந்தது. நீதிமன்றம் அந்த நிபந்தனையை மதித்து, ஐ.நா. சாசனத்தையே நேரடி ஆதாரமாகக் கொள்ளாமல், நாடுகளின் நெடுநாள் வழக்கத்தால் உருவான வழக்காற்றுச் சட்டத்தை வைத்து 1986 ஜூன் 27ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட ஒரு பிரசுரம் முறைப்படி தாக்கல் ஆகவில்லை என்றாலும் அதையும் படித்துப் பார்த்தது. எல் சல்வடோரைக் காக்கவே செயல்பட்டோம் என்ற தற்காப்பு வாதத்தையும் தானே எடுத்து ஆராய்ந்துதான் நிராகரித்தது. வராத நாடும் வழக்கில் ஒரு தரப்புதான், தீர்ப்பு அதையும் கட்டும் என்று அழுத்திச் சொன்னது.

இந்தக் கவனிப்பு அளவு மீறிப் போகவும் கூடும். பசிபிக்கில் வளிமண்டல அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போட்ட வழக்குகளில் பிரான்ஸ் வரவில்லை. வெளியில் அதன் தலைவர்கள், இனி வளிமண்டலச் சோதனை இல்லை என்று பேசினார்கள். 1974 டிசம்பர் 20ஆம் தேதி நீதிமன்றம் அந்தப் பேச்சையே பிரான்சைக் கட்டும் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, தகராறே தீர்ந்துவிட்டது என்று வழக்கை மூடியது. இது எனக்கு உடன்பாடில்லை. மன்றத்துக்கு வந்து நின்ற இரு நாடுகளுக்கு அந்த வாக்குறுதி போதுமா என்று வாதாடும் வாய்ப்பே தரப்படவில்லை. வராதவர் வெளியே நின்று பேசியது உள்ளே நின்றவரின் வாயை அடைத்துவிட்டது. தென் சீனக் கடல் மன்றம் சீனாவின் அறிக்கையை எடுத்துக்கொண்டாலும், அதற்குப் பதில் சொல்லப் பிலிப்பைன்ஸுக்கு முழு வாய்ப்புக் கொடுத்தது. சரியான வழி அதுதான்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு செல்லாது, ஏற்க மாட்டோம் என்று சீனா அன்றே அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த டுடெர்டே அதைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்தார். மிஸ்சீஃப் திட்டில் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. தீர்ப்பை நிறைவேற்ற நடுவர் மன்றத்திடம் போலீஸ் இல்லை. அனைத்துலக நீதிமன்றத் தீர்ப்பு என்றால் பாதுகாப்பு மன்றத்துக்குப் போகலாம். நிகரகுவா போனது, 1986 அக்டோபரில் அமெரிக்கா வீட்டோ போட்டு முடித்தது.

அதனால் எல்லாம் வீண் என்று நம் ஊரில் சிலர் சொல்கிறார்கள். வருடங்களைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். அல்பேனியா பல பத்தாண்டுகளுக்குப் பின், 1990களில் பிரிட்டனோடு உடன்பாடு செய்து 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஆர்க்டிக் சன்ரைஸ் என்ற கிரீன்பீஸ் கப்பலைப் பிடித்த வழக்கில் ரஷ்யா ஒரு நாளும் மன்றத்துக்கு வரவில்லை. 2017இல் சுமார் 54 லட்சம் யூரோ இழப்பீடு விதிக்கப்பட்டது, 2019இல் உடன்பாடு செய்து 27 லட்சம் யூரோ கட்டியது. கயானா தொடுத்த எல்லை வழக்கில் முதலில் வர மறுத்த வெனிசுவேலா, 2020 டிசம்பரில் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் உண்டு என்றபின், 2022இல் வந்து ஆட்சேபம் தெரிவித்து வாதாடியது.

நம் நாடு இந்த மன்றங்களுக்குப் புதிது அல்ல. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002இல் நமக்குக் கிடைத்தன. 2008இல் பத்து பூத்தே சிங்கப்பூருக்குப் போனது. இரண்டிலும் வந்து நின்றோம். பத்து பூத்தே தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்டு 2017இல் போட்ட மனுவையும் 2018இல் திரும்பப் பெற்றுக்கொண்டோம். தென் சீனக் கடல் விசாரணைகளில் மலேசியப் பிரதிநிதிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்புக்குச் சற்று முன்பு, 2016 ஜூனில், நம் நாடு தன் உரிமைகளைப் பாதிக்கக் கூடாது என்று மன்றத்துக்குக் கடிதமும் எழுதியது. மன்றம் அதையும் படித்துத் தீர்ப்பில் குறித்தது.

2019 டிசம்பரில் மலேசியா தன் கண்டத்திட்டின், அதாவது கரையிலிருந்து கடலடியில் நீளும் நிலப்பகுதியின், வெளி எல்லை குறித்து ஐ.நா. ஆணையத்திடம் மனுத் தாக்கல் செய்தது. அதன் கணக்கு கரையிலிருந்து ஆரம்பிக்கிறது. இடையில் இருக்கும் ஸ்ப்ராட்லி திட்டுகளுக்கு 200 மைல் மண்டலம் உண்டு என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு நிற்காது. சீனா உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. மலேசியா 2020 ஜூலை 29ஆம் தேதி ஐ.நா.வுக்கு அனுப்பிய பதிலில், தென் சீனக் கடல் திட்டுகள்மேல் சீனா கொண்டாடும் உரிமைக்கு அனைத்துலகச் சட்டத்தில் அடிப்படை இல்லை என்று எழுதியது. சரவாக் கரைக்கு அப்பால் பெத்திங் பத்திங்கி அலி பக்கம் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் வந்துகொண்டிருந்த வருடங்களில் எழுதிய கடிதம் அது.